வெட்ஜ் தேர்வு: கோணமும் இடைவெளியும்

கோல்ஃப் பையில் உள்ள மட்டைகளுள் பெயர் அப்படியே இருக்க, உருவம் மிகவும் மாறிப்போனது பிட்சிங் வெட்ஜ். 1970-களில் செய்த ஒரு பிட்சிங் வெட்ஜை அளந்து பார்த்தால் அதன் முகம் ஏறத்தாழ 50 பாகை சாய்ந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கியதாயின் 46 அல்லது 47. இன்று அதிக தூரத்துக்கென விற்கப்படும் அயர்ன் வரிசைகளில் அதே பெயருள்ள மட்டை 43 பாகையில் நிற்கிறது. சில வரிசைகளில் 41-க்கே இறங்கிவிட்டது. மூன்றின் அடியிலும் பொறித்திருப்பது ஒரே எழுத்துதான். ஆகவே, எந்த வெட்ஜ் வாங்கலாம் என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவருடைய பிட்சிங் வெட்ஜ் எத்தனை பாகை என்பதே. பலருக்கு விடை தெரிவதில்லை. தயாரிப்பாளர் வெளியிடும் விவரப் பட்டியலில் அது இருக்கும். மட்டை பழையதாயின் மட்டை பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் கோணமானியில் வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். அந்த எண் கைக்கு வராமல் அடுத்த மட்டையைத் தேர்வது வெறும் ஊகம்.

இந்தக் கோணத்தை ஆட்டக்காரர்கள் லாஃப்ட் என்கிறார்கள். சாய்கோணம் என்றால் பொருள் விளங்கும். மட்டையின் தண்டைச் செங்குத்தாக நிறுத்தினால், முகம் அந்தச் செங்குத்திலிருந்து பின்னோக்கி எவ்வளவு விலகிச் சாய்கிறதோ அதுவே சாய்கோணம். ஓர் அடியில் பந்துக்குச் சேரும் ஆற்றலை அது பங்கிடுகிறது. ஒரு பங்கு பந்தை முன்னே தள்ளுகிறது, ஒரு பங்கு மேலே தூக்குகிறது, ஒரு பங்கு பின்சுழற்சியாகிறது. கோணம் கூடக்கூட முதல் பங்கு சுருங்குகிறது. பந்து உயர எழுந்து, செங்குத்தாக இறங்கி, கிரீனில் விழுந்த இடத்தருகே நிற்கிறது. வெட்ஜ்களின் எல்லையில், நடுத்தர வேகத்தில் வீசுபவருக்கு ஒவ்வொரு பாகையும் சுமார் இரண்டரை முதல் மூன்று கெஜம் வரை தூரத்தை மாற்றும். நான்கு பாகை வேறுபட்டால் ஏறக்குறைய 10 முதல் 12 கெஜம். பின்வரும் கணக்குகளுக்கு எல்லாம் இதுவே அடிப்படை.

ஆனால் மட்டையில் பொறித்த கோணமும் பந்தைத் தொடும் கணத்தில் இருக்கும் கோணமும் ஒன்றல்ல. கை பந்துக்கு முன்னே செல்லச் செல்லத் தண்டு முன்சாய்கிறது. அதற்கேற்ப முகமும் நிமிர்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் 56 பாகை மட்டையை முழுவீச்சில் அடிக்கையில், பந்தைத் தொடும் கணத்தில் அது பத்துப் பாகை வரை குறைந்திருக்கக்கூடும். மணிக்கட்டை முன்னதாகவே தளர்த்தி, பந்தை அள்ளித் தூக்க முயல்பவரிடம் அதே மட்டை பொறித்த எண்ணைவிடவும் கூடுதலாகச் சாய்ந்து வரும். இருவர் கையிலும் ஒரே 56. இரண்டு பறப்புகளோ முற்றிலும் வேறு. ஆகவே இந்த எண்ணை ஒருவர் தம் மட்டைகளைத் தமக்குள் ஒப்பிடவே பயன்படுத்த வேண்டும். நண்பர் 60 வைத்திருக்கிறார் என்பதிலிருந்து நமக்கு எதுவும் தெரியவராது.

பிட்சிங் வெட்ஜின் கோணம் ஏன் இப்படிக் குறைந்துகொண்டே வந்தது? விற்பனைத் தந்திரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. புதிய அயர்ன்களில் எடையை முகத்துக்குப் பின்னாலும் தாழ்வாகவும் வைக்கிறார்கள். முகத்தையும் மெலிதாக்கி வேகம் கூட்டுகிறார்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் பந்து உயர எழும். பழைய கோணத்தையே விட்டுவைத்தால் அது வீணாக வானளாவி, காற்றில் தேய்ந்து, குறுகி விழும். எனவே கோணத்தைக் குறைக்க ஒரு பொறியியல் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குத் தேவையான அளவையும் தாண்டிக் குறைத்ததில்தான், புதிய 7-ஆம் எண் அயர்ன் பழையதைவிடப் பத்துக் கெஜம் கூடப் போகிறது என்று காட்டும் ஆசை தெரிகிறது.

இந்த மாற்றத்தில் சாண்ட் வெட்ஜ் மட்டும் நகரவில்லை. மணலிலிருந்து பந்தை வெளியேற்றுவது அதன் பணி. அங்கே தூரத்துக்குப் போட்டி இல்லை. அன்று ஏறத்தாழ 56 பாகை, இன்றும் பெரும்பாலும் 56. முன்பு பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடையே ஐந்தாறு பாகை இருந்தது. 43-இல் தொடங்கும் இன்றைய வரிசையிலோ அது 13 பாகை. பிட்சிங் வெட்ஜை 120 கெஜம் பறக்கவைக்கும் ஒருவருக்கு அந்த 56 பாகை மட்டை 85 கெஜத்துக்குச் சற்று மேல்தான் செல்லும். கொடிக் கம்பம் 103 கெஜத்தில் இருந்தால் அவர் என்ன செய்வார்? பெரிய மட்டையை அடக்கி அடிக்க வேண்டும். இல்லையேல் சிறிய மட்டையை வலிந்து அடிக்க வேண்டும். இரண்டுமே பழகக் கடினமானவை. இந்தப் பள்ளத்தை நிரப்பவே கேப் வெட்ஜ் வந்தது. அதற்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர் உண்டு: ஏ என்றும், ஜி என்றும், யு என்றும், டபிள்யூ என்றும் பொறிக்கிறார்கள். எழுத்தைப் பார்க்க வேண்டாம், பாகையைப் பாருங்கள்.

எத்தனை வெட்ஜ் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் தேர்வு என்ற பேச்சே எழாது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமக்கவைத்தவர்கள் இருந்தார்கள். 1938-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும், மறு ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் 14 மட்டைகளே உச்சவரம்பு என்று விதித்தன. டிரைவரும் பட்டரும் போக மிஞ்சுவன 12. நான்காவது வெட்ஜ் ஒன்று உள்ளே வந்தால் ஒரு ஹைப்ரிடோ ஃபேர்வே வுட்டோ வெளியே போக வேண்டும்.

இனி கணக்கு. கீழ் எல்லை உங்கள் பிட்சிங் வெட்ஜ். அது அயர்ன் வரிசையோடு வந்துவிட்டது, அதில் தேர்வுக்கு இடமில்லை. மேல் எல்லையை நீங்களே வகுக்க வேண்டும். பையில் மிக அதிகச் சாய்வுள்ள மட்டை 56-ஆ, 58-ஆ, 60-ஆ? இதைத் தீர்மானித்துவிட்டால் நடுவில் வருபவை தாமாகவே அமைந்துவிடும். எனவே கடைக்காரர் முதலில் காட்டும் நடு மட்டையில் நில்லாமல் இந்தக் கேள்வியில் சற்று நேரம் நிற்பது நல்லது.

60 பாகை மட்டை தொழில்முறை ஆட்டத்தில் நிலைபெற்றதற்கு டாம் கைட் ஒரு முக்கியக் காரணம். நாசாவில் ஆய்வாளராக இருந்து கோல்ஃப் பயிற்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், ஆட்டக்காரர் இழக்கும் அடிகளில் பெரும்பகுதி கிரீனை அண்டிய நூறு கெஜத்துக்குள் போகிறது என்பதை அளந்து காட்டியவர். அவருடைய யோசனைப்படி கைட் 1980-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு மட்டையைச் சேர்த்தார். 1981-இல் பி.ஜி.ஏ. சுற்றின் பரிசுத்தொகைப் பட்டியலில் முதலிடம் பெற்றவரும் அவரே. ஆனால் கைட் பயிற்சித் திடலில் ஓயாமல் உழைப்பவர் என்று பெயர்பெற்றவர். வாரத்துக்கு ஒருமுறை ஆடுபவர் கையில் 60 பாகை முகம் பிழையைப் பொறுப்பதில்லை. பந்து புல்லின் மேல் சற்றே உயர்ந்து கிடந்தால் மட்டை அதன் அடியில் நழுவிப்போகும். முகத்தின் மேற்பகுதியில் பட்ட பந்து பாதித் தூரத்திலேயே விழும். எதிர்காற்றில் அதன் தூரத்தை நம்ப முடியாது. அதன் தேவை எங்கே எழுகிறதென்றால், கிரீன்கள் உயர்ந்தும், பங்கர்கள் ஆழ்ந்தும், கொடி விளிம்பருகே நட்டும் இருக்கும் திடல்களில். அத்தகைய திடலில் நாள்தோறும் ஆடாதவருக்கு 58 போதும் என்பது என் துணிபு. முகத்தைச் சற்றுத் திறந்து பிடிக்கத் தெரிந்தவருக்கு 56-உம் போதும்.

மேல் எல்லையை 58 என்று கொள்வோம். பிட்சிங் வெட்ஜ் 46 ஆனால் இடையே 12 பாகை. நான்கு நான்காகப் பிரித்தால் 50, 54, 58 என மூன்று மட்டைகள். ஆறு ஆறாகப் பிரித்தால் 52, 58 என இரண்டே. பிட்சிங் வெட்ஜ் 43 ஆனால் இடையே 15. ஐந்தைந்தாக 48, 53, 58. 41-இல் தொடங்குபவருக்கு 17 பாகை: 46, 50, 54, 58 என நான்கு வேண்டியிருக்கும், அல்லது 47, 52, 58 என்று மூன்றில் ஒப்பேற்றலாம். இடைவெளிகள் முற்றிலும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. முழுவீச்சில் அடிக்கும் கீழ்ப்பகுதியில் நெருக்கமாகவும், அரைவீச்சே மிகுந்து வரும் மேற்பகுதியில் சற்று அகலமாகவும் அமைவதில் பிழையில்லை. எட்டுப் பாகைக்குமேல் ஒரு பள்ளம் விடுவதுதான் தவறு.

கணக்கு இவ்வளவு நேராக இருந்தும் திடலில் பொய்த்துப்போக ஓர் இடம் உண்டு. அதை விற்பவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். அயர்ன் வரிசையோடு வரும் பிட்சிங் வெட்ஜ் உள்ளீடற்றதாகவோ பின்புறம் குடைந்ததாகவோ இருக்கும். தனியாக விற்கும் வெட்ஜோ பெரும்பாலும் திண்ணிய ஒரே எஃகுத் துண்டு. முன்னதன் மெல்லிய முகம் பந்தை வேகமாக அனுப்புகிறது. பின்னதில் அந்த உந்துதல் இல்லை. ஆகவே 43-க்கும் 48-க்கும் இடையே தாளில் ஐந்து பாகை என்றாலும் திடலில் அது ஏழெட்டுப் பாகைபோல் நடந்துகொள்ளக்கூடும். பிட்சிங் வெட்ஜை அடுத்து வரும் முதல் மட்டையை அதே அயர்ன் வரிசையிலிருந்து வாங்கிக்கொண்டு, 52-க்கு மேல் தனி வெட்ஜ்களுக்குச் செல்வதே பாதுகாப்பானது. அந்த முதல் மட்டையைப் பெரும்பாலும் முழுவீச்சில்தான் அடிக்கிறோம். அயர்னின் குணம் அதற்குப் பொருந்தும்.

ஆக, பாகை ஒரு வாயில்தான். நாம் சேர வேண்டிய இடம் தூரம். தூரம் என்றால் பந்து உருண்டு நின்ற தூரமன்று, காற்றில் பறந்து விழுந்த தூரம். ஒவ்வொரு வெட்ஜிலும் பத்துப் பதினைந்து பந்துகளைப் பதற்றமில்லாத வேகத்தில் அடித்து, மிக நன்றாக வந்ததையும் மிக மோசமாக வந்ததையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் குவிவதை எடுத்துக்கொள்ள வேண்டும். மனம் மிகச் சிறந்த அடியைத்தான் தன் தூரம் என்று நினைத்துக்கொள்ளும். பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகளும் தூரத்தைக் குறைத்துக் காட்டும். முடிந்தால் ஆடும் பந்திலேயே அளப்பது நல்லது. உயரமும் கணக்கில் வரும். சென்னையில் அளந்த எண்கள் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகையில் அப்படியே பொருந்தா. மெலிந்த காற்றில் வெட்ஜ் அடியும் நீளும்.

தூரத்தை அளந்தவுடன் இன்னொன்றும் புலப்படும். டிராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட சராசரிகளின்படி அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடவரின் பிட்சிங் வெட்ஜ் 136 கெஜமும் மகளிரின் பிட்சிங் வெட்ஜ் 107 கெஜமும் பறந்தது. வீச்சின் வேகம் குறையும்போது மொத்தத் தூரத்தோடு இடைவெளிகளும் அதே விகிதத்தில் சுருங்குகின்றன. பிட்சிங் வெட்ஜை 80 கெஜமே அடிப்பவருக்கு நான்கு பாகை வேறுபாடு ஏழு கெஜம்தான் தரும். அந்த ஏழு கெஜத்துக்காக ஒரு மட்டையைச் சுமப்பதில் பயனில்லை. ஆறு பாகை இடைவெளியில் இரண்டு வெட்ஜ்கள் அவருக்குப் போதும். மிஞ்சும் இடத்தில் தொலைவிலிருந்து கிரீனை எட்ட உதவும் ஒரு ஹைப்ரிடை வைக்கலாம். முதியவர்களுக்கும் புதிதாகத் தொடங்குவோருக்கும் நான்கு வெட்ஜ்களை விற்றுவிடுகிறார்கள். அது அவர்களுக்குச் செய்யும் உதவியன்று.

முழுவீச்சுக்கும் குறைந்த அடிகளுக்கு பெல்ஸ் ஒரு முறை வகுத்தார்: இடது கையைக் கடிகார முள்ளாகக் கொண்டு ஏழரை, ஒன்பது, பத்தரை என மூன்று அளவுகளில் பின்வீசுவது. நான்கு வெட்ஜ்களோடு பெருக்கினால் பன்னிரண்டு தூரங்கள். இரண்டு மட்டைகளின் அரைவீச்சுத் தூரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அந்த இரண்டும் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று கொள்ளலாம்.

இதுவரை முகத்தைப் பற்றியே பேசினோம். வெட்ஜின் அடிப்பாகம் முகத்தைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று. தண்டு செங்குத்தாக நிற்கையில் முன்விளிம்பைவிட அடிப்பாகத்தின் தாழ்ந்த பகுதி எத்தனை பாகை கீழிறங்கியிருக்கிறது என்பதே பௌன்ஸ். மண்வெட்டியின் அலகைச் செங்குத்தாக இறக்கினால் அது மண்ணுக்குள் ஆழப் புகும். படுக்கவைத்து இழுத்தால் மேலாகச் செதுக்கிக்கொண்டு போகும். பௌன்ஸ் இல்லாத வெட்ஜ் முதல்வகை, பௌன்ஸ் மிகுந்தது இரண்டாம் வகை. 4 முதல் 6 பாகை வரை குறைவு, 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்குமேல் மிகுதி என்பது பொது வழக்கு.

சாண்ட் வெட்ஜ் பிறந்ததே இந்த அடிப்பாகத்தால்தான். அதற்குமுன் பங்கரில் பயன்பட்ட நிப்ளிக் என்னும் மட்டை மெல்லிய முன்விளிம்போடு மணலில் புதைந்துகொள்ளும். முகத்தைக் கரண்டிபோல் குழித்துச் செய்த ஒரு வெட்ஜ் வந்தது. அது பந்தை இருமுறை தொடுகிறது என்பதால் 1931-இல் தடைசெய்யப்பட்டது. ஆட்டக்காரர் ஜீன் சரசன் வேறு வழி கண்டார். விமானம் மேலெழும்போது அதன் வால்பகுதி தாழ்வதைக் கவனித்ததிலிருந்து இந்த எண்ணம் தோன்றியதாக அவரே சொல்லிவந்தார். ஃபுளோரிடாவில் தம் நிப்ளிக்கின் அடிப்புறத்தில் ஈயத்தை உருக்கிச் சேர்த்து, பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு அரத்தால் ராவி ராவிச் சரிசெய்தார். அதைக் கொண்டு அடித்தபோது மட்டை மணலில் புதையாமல் சறுக்கிச் சென்று, பந்துக்கு அடியில் இருந்த மணலோடு பந்தையும் வெளியே தூக்கியது. 1932-இல் இங்கிலாந்தின் சாண்ட்விச்சில் உள்ள பிரின்சஸ் திடலில் ஓப்பன் பட்டத்தை அவர் 283 அடிகளில் வென்றபோது அந்த மட்டை அவர் பையில் இருந்தது. போட்டி தொடங்கும்முன் யாரும் பார்த்துத் தடுத்துவிடக் கூடாதென்று அதைப் பைக்குள் தலைகீழாகச் செருகிவைத்ததாகவும் சொல்வார்.

எந்தப் பௌன்ஸ் யாருக்கு என்பதை மண்ணும் வீச்சும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற கடற்கரைத் திடல்களில் புல் குட்டை, தரை இறுக்கம். மிகுந்த பௌன்ஸ் உள்ள மட்டை அங்கே தரையில் மோதித் துள்ளும், முன்விளிம்பு பந்தின் நடுவில் படும். பஞ்சுபோன்ற மணலும் ஊறிய மண்ணும் உள்ள இடங்களில் பௌன்ஸ் குறைந்த மட்டை புதைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் ஆடும் சென்னைக்காரருக்கும் மே மாத வெயிலில் ஆடும் அவருக்கும் தேவை ஒன்றல்ல. வீச்சும் அப்படியே. செங்குத்தாக இறக்கி, பெரிய புல்பத்தையைப் பெயர்த்தெடுப்பவருக்கு மிகுந்த பௌன்ஸ் துணைநிற்கும். தரையை வருடிச் செல்பவருக்குக் குறைந்தது பொருந்தும். இரண்டு சூழலுக்கும் ஒரே மட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேலே உள்ள இரண்டு வெட்ஜ்களையும் எதிரெதிர் குணத்தோடு வாங்கலாம்: 54-இல் 12 பாகை பௌன்ஸ், 58-இல் 6 என்பதுபோல. அப்போது அவை கோணத்தோடு தரையையும் பங்கிட்டுக்கொள்கின்றன. முகத்தைத் திறந்து பிடித்தால் பௌன்ஸ் கூடும், கையை முன்சாய்த்தால் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முகத்தில் உள்ள காடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2010-இல் தொழில்முறைப் போட்டிகளில் அவற்றின் கொள்ளளவுக்கும் விளிம்புக் கூர்மைக்கும் கட்டுப்பாடு வந்தது. நமக்குக் கவலை தர வேண்டியது தேய்மானம். மணலில் அதிகம் உழைக்கும் மட்டையின் காடிகள் முதலில் மழுங்கும், பந்து வழுக்கும், பறப்பு உயர்ந்து சுழற்சி குறையும். மூன்று வெட்ஜ்களையும் ஒன்றாக வாங்கினாலும் மூன்றையும் ஒன்றாக மாற்றத் தேவையில்லை.

தனி வெட்ஜ்கள் பெரும்பாலும் 50, 52, 54 என இரட்டைப்படைக் கோணங்களிலேயே கிடைக்கும். உங்கள் கணக்கில் 53 வந்தால் 54-ஐ வாங்கி ஒரு பாகை வளைத்துத் தரச் சொல்லலாம். மென்கரி எஃகில் அடித்து உருவாக்கிய தலை இதற்கு எளிதில் இணங்கும். வார்த்த கடின எஃகை இரண்டு பாகைக்குமேல் வளைக்கத் துணிந்தால் முறியலாம். மென்மையான தலைகள் தாமாகவும் நகரும். செயற்கைப் பாயின் மேல் நாள்தோறும் அடிப்பவரின் வெட்ஜ் ஓராண்டில் ஒரு பாகையோ இரண்டோ மாறியிருப்பது அரிதன்று. எனவே ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது நல்லது. வளைக்கும்போது கோணம் மட்டும் மாறுவதில்லை. சாய்கோணத்தை ஒரு பாகை குறைத்தால் பௌன்ஸும் ஒரு பாகை குறையும், கூட்டினால் கூடும். 54 பாகையும் 10 பௌன்ஸும் உள்ள மட்டையை 53 ஆக்கித் தரச் சொன்னவருக்குத் திரும்பி வருவது 9 பௌன்ஸ் உள்ள மட்டை. பத்தே வேண்டுமென்றால் 11 உள்ளதைக் கேட்டு வாங்கி வளைக்கக் கொடுக்க வேண்டும்.